தட்டும் பெட்டியும்: கழிவு யாருக்கு, சுமை யாருக்கு?

பள்ளிமுனையில் வலை வாங்கப் போகின்ற எவரும் கடைக்காரரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி வாங்குவதில்லை. நூலின் தடிப்பைப் பார்ப்பார். கண்ணின் அளவைப் பார்ப்பார். முடிச்சை இழுத்துப் பார்ப்பார். படகு இயந்திரத்துக்கு ஓர் உதிரிப்பாகம் வாங்குவதென்றாலும் ‘ஒறிஜினலா, லோக்கலா?’ என்று கேட்காமல் மடியில் இருந்து காசை எடுக்கமாட்டார். ஆனால் அதே மனிதர் தமது மகளின் உயர்தரப் படிப்புக்கென்று கணினி வாங்கும்போது, கடைக்காரர் நீட்டிய விலைக் குறிப்பின் கடைசி வரியை மட்டுமே பார்க்கிறார். கூட்டுத்தொகை குறைவாக இருந்தால் முடிந்தது அலுவல்!

இதை எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் இரண்டு விலைக் குறிப்புகளோடு வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதற்காக ஆறு கணினிகள் வாங்கப்போகிறார்களாம். காசு, வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் அனுப்பியது. இரண்டு குறிப்புகளிலும் பாகங்களின் பெயர்கள் ஒன்றே. விலை மட்டும் வேறு. மலிவான குறிப்பில் செயலிக்குப் பக்கத்தில் ‘ட்ரே’ என்றும், வன்தட்டுக்குப் பக்கத்தில் ‘ஓ.ஈ.எம்.’ என்றும் சிறிய எழுத்தில் இருந்தது.

“ஐயா, இரண்டும் ஒரே சாமான்தான், பெட்டி மட்டும் இல்லை எண்டு கடைக்காரர் சொல்லுறார். வெறும் மட்டைப் பெட்டிக்கு ஏன் காசு குடுப்பான்?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. இந்தப் ‘பெட்டி மட்டும்தான் இல்லை’ என்ற வசனத்தைக் கொழும்பின் கணினிக் கடைகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவருகிறேன். அரை உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் அந்த அரை உண்மையை ஏற்றுக்கொள்வோம். ஓ.ஈ.எம். என்பது கணினியைப் பொருத்தி விற்கும் நிறுவனங்களுக்கென்று பாகங்களை மொத்தமாக வழங்கும் முறை. டெல், எச்.பி., லெனோவோ போன்ற நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கில் செயலிகள் தட்டுகளில் அடுக்கப்பட்டுப் போகின்றன. பெட்டியில் வரும் செயலியும் தட்டில் வரும் அதே இலக்கச் செயலியும் ஒரே உற்பத்தியின் பிள்ளைகள்தாம். வேகத்தில் வேற்றுமை இல்லை; தரத்தில் வேற்றுமை இல்லை. இதுவரை கடைக்காரர் சொல்வது சரி.

அவர் சொல்லாமல் விடுவது இது: தட்டில் வருவது ஏன் மலிவு? மட்டைப் பெட்டியின் விலை கழிந்ததாலா? அது சில ரூபாய்கூடப் பெறாது. பெட்டியோடு வரும் விசிறி இல்லாதது ஒரு காரணம். மொத்தக் கொள்வனவு இன்னொன்று. மூன்றாவதுதான் நமக்கு முக்கியமானது: பாகம் பழுதானால் பாவனையாளருக்குப் பதில் சொல்லும் கடமை உற்பத்தியாளரிடமிருந்து கணினியைப் பொருத்துபவரின் தோளுக்கு மாறிவிடுகிறது. அந்தச் சுமையை ஏற்பதற்கும் சேர்த்துத்தான் அவருக்குக் கழிவு கிடைக்கிறது.

இன்ரெல் நிறுவனம் பெட்டியில் விற்கும் செயலிக்குப் பாவனையாளரிடமே நேரடியாக மூன்றாண்டு உத்தரவாதம் தருகிறது. தட்டுச் செயலியை உதிரியாக வாங்கியவருக்கு அது சொல்வது, ‘வாங்கிய இடத்தில் கேளுங்கள்’ என்பதே. ஆகவே தட்டுச் செயலியை உதிரியாக விற்கும் கடைக்காரர் பொருத்துநரின் இடத்தில் நிற்கிறார். மூன்றாண்டுச் சுமையை அவரே தூக்கவேண்டும். நடப்பதென்ன? கழிவை அவர் வைத்துக்கொள்கிறார். அதில் ஒரு துளியை நமக்குக் காட்டுகிறார். சுமையை நம் தலையில் ஏற்றிவிடுகிறார். என் வழக்கு மலிவுப் பொருளுக்கு எதிரானதன்று. கடமைக்கென்று கொடுக்கப்பட்ட கழிவை எடுத்துக்கொண்டு கடமையைக் கைவிடும் வியாபாரத்துக்கு எதிரானது.

என் சொந்தக் கதை ஒன்று உண்டு. 2016 இல் கொழும்பில் ஒரு கடையில் வன்தட்டு ஒன்று வாங்கினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலான பத்திரிகை வாழ்க்கையின் நறுக்குகள், 1990 இடப்பெயர்வுக் காலத்துப் படங்கள், இறந்துபோன நண்பர்களின் கடிதங்கள் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் இருந்து வருடி அதில் சேர்த்தேன். வாங்கிய 357 ஆம் நாள் அது ‘டிக், டிக்’ என்று ஒலி எழுப்பி அடங்கிப்போனது. ஓராண்டு முடியவில்லையே என்ற தைரியத்தில், இரவுப் பேருந்தில் முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல் பயணித்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பற்றுச்சீட்டின் அடியைச் சுட்டிக்காட்டினார். எறும்பு எழுத்தில் ‘ஓராண்டு = 350 நாள்’ என்று இருந்தது!

பூமி சூரியனைச் சுற்றிவர 365 நாள் என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். கடைக்காரரின் பூமி சற்று விரைவாகச் சுற்றுகிறது போலும். சரி, உற்பத்தியாளரிடமே கேட்போம் என்று வன்தட்டின் தொடரிலக்கத்தை அவர்களின் இணையத்தளத்தில் இட்டுப் பார்த்தேன். ‘இது ஒரு கணினியின் பாகமாக விற்கப்பட்டது, அக்கணினியின் உற்பத்தியாளரைத் தொடர்புகொள்க’ என்று பதில் வந்தது. எந்தக் கணினி? எந்த உற்பத்தியாளர்? எவரிடமும் விடையில்லை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்தது என் மடமை, அதை மறைக்கவில்லை. ஆனால் 357 ஆம் நாளில் என்னை அநாதையாக்கியது என் மடமையன்று.

பற்றுச்சீட்டில் இன்னொரு வரியும் இருந்தது. ‘எரிவு, உடைவு, துரு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை.’ பிற கடைகளின் சீட்டுகளிலும் இதே வரியைக் கண்டிருக்கிறேன். கண்டியில் இருப்பவருக்கு இது சாதாரண நிபந்தனை. மூன்று பக்கமும் கடற்காற்று அடிக்கும் பள்ளிமுனையில் இருப்பவருக்கு? இங்கே யன்னல் கம்பி துருப்பிடிக்கும். சைக்கிள் சங்கிலி துருப்பிடிக்கும். உப்புக் காற்று புகுந்தால் தாய்ப்பலகையின் செப்புக் கால்களில் பச்சை பூக்கும். நமக்கு ‘துரு நீங்கலாக’ என்று எழுதித் தரும் உத்தரவாதம், மீனவருக்கு ‘கடல் நீங்கலாக’ என்று எழுதிக் கொடுத்த காப்புறுதியைப் போன்றது.

இவையெல்லாம் ஏழை நாட்டுக் கடைகளின் சில்லறைத் தந்திரங்கள் என்று எண்ணுவோருக்கு இரண்டு உலகச் செய்திகள்.

2024 இல் இன்ரெலின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில் ஒரு பெரும் பழுது அம்பலமானது. தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தம் காரணமாகச் செயலிகள் நாளடைவில் நிலைகுலைந்தன. ஒருமுறை சேதமான செயலி மீளாது. அவ்வாண்டு ஆகஸ்டில் நிறுவனம் திருத்தம் வெளியிட்டதோடு உத்தரவாதத்தை மேலும் இரண்டாண்டு நீட்டியது. மூன்று ஐந்தாகியது. பெட்டியில் வாங்கியவர் நிறுவனத்தின் கதவையே தட்டலாம். தட்டில் வாங்கியவருக்குச் சொல்லப்பட்டதோ மீண்டும் அதே பழைய பல்லவி: வாங்கிய இடத்தில் கேளுங்கள். வாங்கிய கடை பூட்டப்பட்டிருந்தால்? 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவில் இருந்து இரண்டு மூன்று மாதங்களில் 360 ஐத் தாண்டிய நாட்டில், இன்றிருக்கும் கடை ஐந்தாண்டின் பின் இருக்கும் என்று எவர் பந்தயம் கட்டுவார்?

மற்றையது 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸ வெளியீட்டகம் கொணர்ந்த செய்தி. புதியவை என்று விற்கப்பட்ட சீகேற் வன்தட்டுகள் பல, ஏற்கெனவே பல்லாயிரம் மணித்தியாலம் ஓடித் தேய்ந்தவை. ஓடிய நேரத்தைக் காட்டும் வழக்கமான கணக்கை எவரோ பூச்சியமாக்கியிருந்தார்கள். தட்டின் உள்ளே இருக்கும் ‘ஃபார்ம்’ எனப்படும் இன்னொரு பதிவேடுதான் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. உறையில்லாமல், முத்திரையில்லாமல், கைமாறிக் கைமாறி வரும் பொருளில் பழையதைப் புதியதாக்குவது எவ்வளவு எளிது என்பதற்கு இது சாட்சி. நுகர்வோர் சட்டம் கடுமையாக இருக்கும் ஜெர்மனியிலேயே இந்தக் கதி!

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், ஆங்கிலேயரின் 1893 சட்டத்தைப் பின்பற்றியது. விற்கும் பொருள் தரமாக இருக்கவேண்டும் என்பதை அது சொல்லாமலே சொல்லப்பட்ட நிபந்தனையாகக் கொள்கிறது. ஆனால் அதை ஒப்பந்தத்தால் விலக்கவும் இடம் கொடுக்கிறது. எறும்பு எழுத்தின் பிறப்பிடம் அதுவே. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 13 ஆம் பிரிவில், உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றி முறையிட வழி தருகிறது. ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். உத்தரவாதம் ஓராண்டு, மூன்றாண்டு. முறையிட அவகாசம் மூன்று மாதம்! நான்காம் மாதம் பழுதாகும் பொருளின் சொந்தக்காரர் மாதாவிடம்தான் முறையிடவேண்டும். இந்த முரண்பாட்டைத் திருத்தும்படி எந்தப் பாராளுமன்ற உறுப்பினரும் தொண்டை கிழியக் கத்தியதாக நான் அறியேன்.

‘அப்படியானால் எல்லாவற்றையும் பெட்டியிலேயே வாங்கவேண்டுமா?’ என்று கேட்பீர்கள். இல்லை. பெட்டியும் தெய்வமன்று. 2011 இல் தாய்லாந்து வெள்ளத்தால் வன்தட்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சீகேற்றும் வெஸ்டர்ன் டிஜிற்றலும் விலையேற்றத்தின் நடுவே தமது பல வன்தட்டுகளின் உத்தரவாதக் காலத்தையும் வெட்டின. வேறொரு நாட்டுச் சந்தைக்கென்று வந்த பெட்டிக்கு இங்கே உத்தரவாதம் செல்லாமலும் போகலாம். நினைவகத்தை ஓ.ஈ.எம். ஆக வாங்கலாம், அது பழுதாவது அரிது, பழுதானாலும் நம் எழுத்தைத் தின்றுவிட்டுப் போகாது. கடை நம் ஊரிலேயே இருந்து, கடைக்காரர் மூன்றாண்டுப் பொறுப்பை எழுதிக் கையொப்பமிட்டுத் தருவாராயின் தட்டுச் செயலியையும் தாராளமாக வாங்கலாம். ஆனால் தரவைச் சுமக்கும் பொருளையும், பழுதானால் கணினி முழுவதையும் நிறுத்திவிடும் பொருளையும், முந்நூறு கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் முகம் தெரியாதவரிடம் வாய்ச்சொல்லில் வாங்காதீர்கள். விண்டோஸ் உரிமத்திலும் அவதானம் தேவை. ஓ.ஈ.எம். உரிமம் முதலில் ஏறிய கணினியோடு கட்டுண்டது. உத்தரவாதத்தின் கீழ் மாற்றினாலன்றி, புதிய தாய்ப்பலகை போட்டால் அது வேறு கணினி என்றே கொள்ளப்படும். உப்புக் காற்று தாய்ப்பலகையைத் தின்றால் உரிமமும் கூடவே போகும்.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. பெட்டியா தட்டா என்று பற்றுச்சீட்டில் தெளிவாக எழுதுங்கள். ஒவ்வொரு பாகத்தின் தொடரிலக்கத்தையும் எழுதுங்கள். பழுதானால் பதில் சொல்பவர் உற்பத்தியாளரா, இறக்குமதியாளரா, நீங்களா என்று எழுதுங்கள். ஓராண்டு என்றால் 365 நாள் என்று எழுதுங்கள். இவற்றை எழுத மறுப்பவர் மலிவாக விற்பவரல்லர், மறைத்து விற்பவர்.

அந்த இளைஞரிடம் இறுதியில் சொன்னேன்: “தம்பி, காசு கடல்கடந்து உழைத்தவர்களுடையது. ஆறு வாங்கி ஓராண்டில் மூன்று மூலையில் கிடப்பதைவிட, ஐந்தை உத்தரவாதத்தோடு வாங்குங்கோ. மிஞ்சுகிற காசுக்கு மேலதிக வன்தட்டு ஒன்று வாங்கிப் பிள்ளைகளின் வேலைகளைப் பிரதியெடுத்து வையுங்கோ.” அவர் இரண்டு குறிப்புகளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “கடைக்காரரிட்டை எழுதித் தரச் சொல்லிக் கேக்கிறன் ஐயா” என்றார். அந்த ஒரு கேள்வியை ஊர் முழுவதும் கேட்கத் தொடங்கினால் போதும்; 350 நாள் ஆண்டு தானாகவே நீளும்.

பின்குறிப்பு: செத்துப்போன அந்த வன்தட்டு இப்போதும் என் மேசையில் தாள்கள் பறக்காமல் இருக்கப் பாரமாகக் கிடக்கிறது. அதற்கு மட்டும் கால எல்லையற்ற உத்தரவாதம் உண்டு.