நர்சிங் சீட்டுக்கு கடும் கிராக்கி: மாணவிகள் கோட்டை விடுவது எங்கே?

பிளஸ்-2 ரிசல்ட் வந்துவிட்டால் போதும், பிரவுசிங் சென்டர்களில் நர்சிங் விண்ணப்பம் போட மாணவிகள் கூட்டம் அலைமோதுகிறது. டாக்டர் படிப்புக்கு 'நீட்' தேவை. 4 வருட பி.எஸ்சி. நர்சிங்குக்கோ பிளஸ்-2 மார்க்தான் கணக்கு. அரசு கல்லூரிகளில் இடம் கொஞ்சம். போட்டிக்கு கேட்கவா வேண்டும்?

ஆனால் பலருக்கு சீட்டு கைநழுவுவது பிளஸ்-1 சேரும்போதே. இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது தாவரவியல், விலங்கியல் படித்திருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் படிச்சா வேலை" என்று யாரோ சொன்னதை கேட்டு உயிரியல் இல்லாத பிரிவுக்கு போன பிள்ளை, 600-க்கு எத்தனை வாங்கினாலும் விண்ணப்பிக்க முடியாது.

அடுத்தது சாதி சான்றிதழ். 69 சதவீத இடஒதுக்கீட்டில் சீட்டு கேட்க அது கட்டாயம். கடைசி நாளில் இ-சேவை மையத்துக்கு ஓடினால், தாசில்தார் ஆபீசில் ஒப்புதல் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சீட்டு கிடைக்காதவர்களை குறிவைத்துத்தான் பஸ் நிலையம் பக்கம் மாடிக்கு மாடி போர்டு தொங்குகிறது. "ஒரே வருடத்தில் நர்சு" என்பார்கள். வெள்ளை யூனிபார்மை பார்த்ததும் பெற்றோருக்கு மனசு குளிர்ந்துவிடும். அங்கீகாரம் இல்லாத அந்த சான்றிதழை வைத்து தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லையென்றால் அரசு நர்சு வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வும் கிடையாது. நகையை அடகு வைத்து கட்டிய பணம் போனது போனதுதான்.

பி.எஸ்சி. கிடைக்காவிட்டால் அரசு நர்சிங் பள்ளிகளில் 3 வருட டிப்ளமோ இருக்கிறது. அதற்கு தனி விண்ணப்பம். ஒன்றை போட்டுவிட்டு சும்மா இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. தெரியும்போது தேதி முடிந்திருக்கும்.