சொல் பரவினால் போதுமா?

'டிப்ரெஷன்' என்ற சொல் நம் வாலிபர்களிடையே இன்று சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. பரீட்சையில் மார்க்குக் குறைந்தாலும் அச்சொல்தான். பந்தயத்தில் தோற்றாலும் அச்சொல்தான். ஆனால், சொல் பரவிய அளவுக்கு அறிவு பரவியதாகத் தெரியவில்லை. ஐ.நா. குழந்தைகள் நிதி ஸ்தாபனம் 21 நாடுகளில் நடத்திய விசாரணையின் முடிவுகள் 2021-ல் வெளியாயின. மனத் துன்பமுற்றவர் பிறர் உதவியை நாடுவது நல்லது என்று கூறிய வாலிபர்கள், மொத்தத்தில் நூற்றுக்கு 83 பேர். இந்தியாவிலோ 41 பேரே. பெரும்பான்மையோர் இவ்வாறு கருதாத நாடு நம்முடையது ஒன்றே!

வருத்தம் வேறு, வியாதி வேறு. சோர்வு வாரக்கணக்கில் நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டு, முன்பு இன்பமளித்தவையும் கசந்துபோனால், அது சோம்பலன்று, வியாதி. காரணத்துக்கு மிஞ்சிய அச்சமும் படபடப்பும் ஓயாது வாட்டுவதும் அத்தகையதே. இவ்வியாதிகளில் பெரும்பாலானவை 25 வயதுக்குள்ளேயே தலைகாட்டுகின்றன. சிகிச்சைக்குக் கட்டுப்படவும் செய்கின்றன. மருந்தின் குணம் தெரியச் சில வாரங்களாகும். இதையறியாமல் பத்து நாளில் நிறுத்திவிடுவோர் அநேகர். 'பைத்தியம்' என்ற பெயர் வந்துவிடுமோ, வேலையும் விவாகமும் தடைப்படுமோ என்றஞ்சி வைத்தியரிடம் போகாதவர்களோ அவர்களினும் அநேகர். 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இத்தகைய நோயாளிகளில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சை பெறவில்லை.

வறுமையும் வேலையின்மையும் தீர்ந்தால் மனநோயும் தீருமென்று சிலர் கூறுவர். அவை நோயை வளர்க்கின்றன என்பது மெய்யே. ஆனால், சாக்கடையைச் சுத்தம் செய்யும்வரை காய்ச்சல்காரனுக்கு மருந்து கொடாதிருப்பார் உண்டோ? இரண்டும் ஒருங்கே நடைபெற வேண்டியவை.

அறியாமையின் விலையைத் தமிழ்நாடு நன்கறியும். 2001-ல் ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கு இரையாயினர். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ம் வருஷத்துச் சட்டம் அடியோடு தடுத்தது. 14416 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கூறும் ஏற்பாட்டை 2022-ல் சர்க்கார் தொடங்கியது. சட்டமும் டெலிபோனும் வந்துவிட்டன. அவற்றைத் தேடிச் செல்லும் துணிவுதான் இன்னும் வரவில்லை.

அத்துணிவை ஊட்டுவது சர்க்காரால் மட்டும் ஆகிற காரியமன்று. கலாசாலைகள் முதலாண்டிலேயே இதைப் போதிக்க வேண்டும். வாலிபர் சங்கங்களை நடத்தும் தொண்டர்களுக்கும் இதில் பெரும் பொறுப்புண்டு. கூட்டத்துக்கு வராமல் ஒதுங்கிய தோழனைக் கோழையென்று ஏசுமுன், அவன் வீடு சென்று, அவன் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டு, தேவையானால் வைத்தியரிடம் அழைத்துச் செல்வார்களாக. அதுவும் தேசத் தொண்டே.