கைக்கு வராத அன்பளிப்பு

சென்ற ஷஅபான் மாதத்தில், நம் மதரசாவில் ஓதும் பிள்ளை ஒருவரின் தந்தை ஒரு மஸ்அலா கேட்க வந்தார். தம்மாமில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரிபவர். ஊர் வரும்போதும் திரும்பும்போதும் ஒரே விமான நிறுவனத்திலேயே பயணச்சீட்டு எடுப்பார். வேறு விமானத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் மாற மாட்டார். காரணம், அந்த நிறுவனம் தரும் மைல் புள்ளிகள். அவற்றைச் சேர்த்து வாப்பாவையும் உம்மாவையும் உம்ராவுக்கு அனுப்புவது அவருடைய நிய்யத். இருவருக்கும் போதுமான புள்ளிகள் சேர்ந்துவிட்டன என்று பதிவு செய்ய உட்கார்ந்த இரவில், அதே பயணத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு புள்ளிகள் தேவை என்று திரை காட்டியது. எப்போது ஏற்றினார்கள் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. “ஹஜ்ரத், இது நம் பொருளைப் பறித்தது ஆகாதா?” என்று கேட்டார்.

பதில் சொல்லுமுன் இத்திட்டங்களின் கதையை நாம் கொஞ்சம் படித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘அட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியபோது, எவ்வளவு தூரம் பறந்தோமோ அதுவே கணக்கு. 1983-ல் ஹாலிடே இன், மாரியட் போன்ற ஹோட்டல்களும் இதே வழிக்கு வந்தன. அந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. மலிவான சீட்டில் கடைசி வரிசையில் அமர்ந்தவரும் அதே கடலைத்தான் கடந்தார். 2015-ல் டெல்டா, யுனைடெட் நிறுவனங்களும், 2016-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் தூரத்தை விட்டுவிட்டு, செலவழித்த டாலரை அளக்கத் தொடங்கின. 2024-ல் ஏர் இந்தியாவும் செலவுக் கணக்குக்கு மாறியது. அடுத்த ஆண்டு அத்திட்டத்துக்கு ‘மகாராஜா கிளப்’ என்று பெயரும் சூட்டியது. பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. மலிவுச் சீட்டைத் தேடி நள்ளிரவு விமானத்தில் ஊர் திரும்பும் நம் வளைகுடாத் தொழிலாளிக்கு அந்தக் கணக்கில் கிடைப்பது சொற்பமே.

இன்னொரு மாற்றம் இதைவிடப் பெரியது. முன்பெல்லாம் இந்த ஊருக்கு இத்தனை புள்ளி, இந்த ஹோட்டலுக்கு இத்தனை புள்ளி என்று ஓர் அட்டவணை இருந்தது. ஹில்டன் 2017-லும் மாரியட் 2022-லும் அந்த முறையைக் கைவிட்டன. இப்போது அறையின் அன்றைய விலை ஏற ஏற, கேட்கும் புள்ளியும் ஏறும். இதன் பொருள் மக்காவில்தான் நன்றாக விளங்கும். ஹரமுக்கு அருகே இந்தப் பெயர்களில் ஹோட்டல்கள் உள்ளன. ரமலானின் கடைசிப் பத்தில் அங்கே அறை வாடகை எங்கே நிற்கும் என்பதை உம்ரா சென்றுவந்தவர்களிடம் கேட்டாலே போதும்.

ஏன் இப்படி மாறின? புள்ளி இன்று பயணிக்குத் தரும் அன்பளிப்பாக மட்டும் இல்லை. கிரெடிட் கார்டு வங்கிகளுக்குக் கோடிக்கணக்கில் விற்கப்படும் சரக்கு. 2020-ல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தையே அடமானம் வைத்துக் கடன் வாங்கியது. அத்திட்டத்தின் மதிப்பாக அது காட்டியது சுமார் 22 பில்லியன் டாலர். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘லாயல்ட்டி’, அதாவது விசுவாசம். யார் யாருக்கு விசுவாசமாக இருக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். அன்பளிப்பு, பெறுபவர் அதைக் கைவசப்படுத்திய பிறகே முழுமை பெறும் என்பது நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹனஃபி மத்ஹபும் அவ்வாறே சொல்கிறது. சீட்டாக மாறாத புள்ளி, கைக்கு வராத அன்பளிப்பு. புள்ளிகள் தமக்கே உடைமை, எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்று நிறுவனங்கள் விதிமுறைகளில் எழுதியும் வைக்கின்றன. ‘ஏற்கிறேன்’ என்ற கட்டத்தில் குறியிட்டுத்தான் நாம் சேர்கிறோம். எனவே ‘பறித்தார்கள்’ என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் துணிவில்லை.

ஆனால் விஷயம் அங்கே முடிந்துவிடுவதாகவும் நாம் கருதவில்லை. ஒருவர் தந்த வாக்கை நம்பி மற்றவர் செலவில் இறங்கிவிட்டால், அந்த வாக்கு அவரைக் கட்டுப்படுத்தும் என்ற கருத்து மாலிகி மத்ஹபில் புகழ்பெற்றது. நம் சகோதரர் ஒவ்வொரு பயணத்திலும் கூடுதலாகக் கொடுத்த அந்த இரண்டாயிரமும் மூவாயிரமும் அப்படி நம்பிச் செய்த செலவுகளே. முன்னறிவிப்பின்றி அளவை மாற்றுவது சட்டப்படி தப்பித்தாலும், நேர்மையான வணிகரின் செயல் அன்று. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையே 2024 செப்டம்பரில் நான்கு பெரிய விமான நிறுவனங்களிடம் இத்தகைய மாற்றங்களைப் பற்றி விளக்கம் கேட்டது.

நம் பக்கத்துப் பிழையையும் சொல்லாமல் விட முடியாது. புள்ளிக்காக கிரெடிட் கார்டு வாங்கி, தவணை தவறி வட்டி கட்டும் குடும்பங்கள் நம் மஹல்லாக்களிலும் உண்டு. உம்ராவுக்கென்று சேர்த்த புள்ளியின் வாசலில் வட்டி வந்து நிற்பது எத்தகைய வேதனை! அலுவலகச் செலவில் பறப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா, ‘இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது’ என்று பிரித்துக் காட்டியபோது, பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கேட்ட நிகழ்வு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. முதலாளி அனுமதித்தால் புள்ளியை வைத்துக்கொள்ளலாம். தன் புள்ளிக்காக அவர் பணத்தில் விலை கூடிய சீட்டைத் தேர்ந்தெடுப்பது அமானத்தில் கைவைப்பதாகும்.

அந்தச் சகோதரரிடம், இருப்பதை இன்றே பயன்படுத்துங்கள், அடுத்த ஆண்டுக்கென்று வைக்காதீர்கள் என்றோம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல்கள் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடும் என்பதையும் ஓர் உதாரணமாகச் சொன்னோம். அவரது புள்ளிகள் ஒருவருக்கே போதுமானவையாக இருந்தன. அன்று இரவே உம்மாவுக்குப் பதிவு செய்தார். வாப்பாவின் சீட்டை, எந்த நிறுவனம் என்று பாராமல், மலிவாகக் கிடைத்த விமானத்தில் பணம் கொடுத்து எடுத்தார். இருவரும் ஜித்தாவில் மூன்று மணி நேர இடைவெளியில் வந்திறங்கினார்கள். வாப்பா, உம்மா வரும்வரை விமான நிலையத் தொழுகை அறையில் காத்திருந்தாராம்.