விமானியின் குடும்பம் என்றால் எந்தக் குடும்பம்?

போன மாதம் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு போன் வந்தது. நம் சமூகத்துத் தம்பி ஒருவன். விமான நிறுவனம் ஒன்றில் ஃபர்ஸ்ட் ஆபீசராக இருக்கிறான். பெயரும் வேண்டாம், நிறுவனமும் வேண்டாம். அவன் வேலை நிலைக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். "அக்கா, அப்கிரேடு வந்திருக்கு. எடுக்கவா, வேணாமா?" என்றான்.

அப்கிரேடு என்றால் கேப்டன். வலது சீட்டிலிருந்து இடது சீட்டுக்கு மாறுவது. ஒவ்வொரு துணை விமானியும் காத்துக் கிடக்கும் நாள் அது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. பிறகுதான் சொன்னான். இப்போது டெல்லி பேஸ். கேப்டன் ஆனால் கொல்கத்தாவுக்குப் போக வேண்டும். மனைவி விழுப்புரம் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. மூன்றரை வயதில் மகள். கூடவே அம்மா, சர்க்கரையும் முட்டி வலியுமாக. வேண்டாம் என்றால் சீனியாரிட்டியில் பின்னால் போய்விடுவான். அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

உடன் வேலை செய்பவர்கள் அவனுக்குச் சொன்ன யோசனை ஒன்றே ஒன்றுதானாம். "வைஃபை வேலையை விடச் சொல்லு, கூட்டிட்டுப் போயிடு. உன் சம்பளத்துக்கு அவங்க சம்பளம் எதுக்கு?" கணக்குப்படி பார்த்தால் சரிதான். ஆனால் நம் வீடுகளில் அரசு வேலையை விடுவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பெண் தன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தகுதித் தேர்வு எழுதிக் காத்திருந்து வாங்கிய வேலை. அவள் வகுப்பெடுக்கும் ஊரில் அவளுடைய பாட்டி தெருவுக்குள் செருப்புப் போட்டு நடந்ததில்லை. அந்த நாற்காலியைச் சம்பளத்தால் மட்டும் அளக்க முடியாது.

அவனிடம் இன்னொன்றும் கேட்டேன். "ஏன் தம்பி, ரெண்டு பேர் வேலையில அவங்க வேலையை விடுறதுதான் முதல்ல பேச்சுக்கு வருது?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. "நானும் அதை யோசிக்கல அக்கா" என்றான். இதில் நம் ஆண்களும் மற்ற ஆண்களும் ஒன்றுதான். சாதி ஒழிப்பு பேசுகிற வீட்டிலும் மாற்றலுக்கு மூட்டை கட்டுவது மனைவிதான்.

எம்.ஏ. சமூகவியல் படிக்கும்போது வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான சமநிலை பற்றி நிறையப் படித்தோம். ஆர்லி ஹாக்‌ஷீல்டின் புத்தகம் பாடத்தில் இருந்தது. வேலைக்குப் போகும் பெண் வீட்டுக்கு வந்து இரண்டாவது ஷிஃப்ட் பார்க்கிறாள் என்பது அதன் மையம். நல்ல புத்தகம். ஆனால் அந்த எழுத்துகளில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளை. விமானிகளின் குடும்ப வாழ்க்கை பற்றிய பேச்சும் அப்படியே போகிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு இல்லை, தீபாவளிக்கு லேஓவர், ரோஸ்டர் வந்த பிறகுதான் அந்த மாதத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியும். இவையெல்லாம் உண்மையான வலிகள், நான் குறைத்துச் சொல்லவில்லை. என் கேள்வி வேறு. முதல் தலைமுறையாக அந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்கு எது குடும்பம்?

அவன் எப்படி விமானி ஆனான் என்று பார்த்தால் இது புரியும். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கே ஐம்பது லட்சத்துக்குக் குறையாது. பிறகு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங், அதற்குத் தனியே லட்சங்கள். நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்கள் ஒரு கோடியைத் தொடுகின்றன. வங்கிக் கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். நம்மிடம் என்ன சொத்து? சேரியில் நத்தம் பட்டா வீடு. மதிப்பீட்டாளர் தெருவின் பெயரைக் கேட்டதும் தொகையைப் பாதியாக எழுதுவார். பஞ்சமி நிலம் கையில் மிஞ்சியிருந்தால் அதை வெளியாருக்கு விற்க முடியாது, ஆகவே அது வங்கிக்கு நிலமே அல்ல. ஊர்க்காரருக்கு ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு செய்கிற வேலையை நமக்கு ஒரு தலைமுறையின் ஆயுள் செய்ய வேண்டியிருக்கிறது.

தம்பியின் அப்பா பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் இட ஒதுக்கீட்டில் சேர்ந்த தொழிலாளி. அவருடைய ஓய்வுப் பணம் முழுவதும் பறக்கும் பயிற்சிக்குப் போனது. இவனுடைய அக்காவின் நகையும் போனது, அவள் கல்யாணம் நான்கு ஆண்டு தள்ளிப்போனது. மாமா ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். எல்லாம் போதாமல் வட்டிக்கும் வாங்கினார்கள். ஆக, அந்த வலது சீட்டில் அவன் மட்டும் உட்காரவில்லை. அக்கா, மாமா, செத்துப்போன அப்பா எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். "குடும்பத்துக்காகக் கொஞ்சம் வேலையைக் குறைத்துக்கொள்" என்று யாராவது அவனிடம் சொன்னால், எந்தக் குடும்பத்துக்காக என்று அவன் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மகளோடு இருக்க வேண்டும் என்றால் அக்காவின் கடன் நிற்கும். அக்காவின் கடனை அடைக்க வேண்டும் என்றால் மகள் அவனை வீடியோ காலில்தான் பார்ப்பாள்.

அரசு உதவி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, காகிதத்தில். உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் மத்திய அரசின் இந்திரா காந்தி விமானப் பயிற்சி நிலையத்தில் இட ஒதுக்கீடு உண்டு. இடம் கிடைத்தாலும் கட்டணம் 45 லட்சம் அளவில். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வித் திட்டத்தில், தனியார் பறக்கும் கழகங்களில் படிக்க ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 3.72 லட்சத்தில் எத்தனை மணி நேரம் பறக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாடு அரசு வெளிநாட்டில் முதுகலை படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் 36 லட்சம் வரை தருகிறது. நல்ல திட்டம். அதே மனசை விமானப் பயிற்சிக்கும் காட்டலாம்.

ஏர் இந்தியா பொதுத்துறையாக இருந்தவரை விமானி வேலைக்கான விளம்பரத்திலும் எஸ்.சி., எஸ்.டி. இடங்கள் தனியாக இருக்கும். 2022 ஜனவரியில் அது டாடாவிடம் போனது. நஷ்டத்தில் ஓடிய நிறுவனம், விற்றார்கள் என்று செய்தி முடிந்துவிட்டது. அதோடு என்ன மூடப்பட்டது என்று எந்தத் தொலைக்காட்சியும் விவாதம் நடத்தவில்லை. இன்று நாட்டின் பெரிய விமான நிறுவனங்கள் எல்லாமே தனியார். அங்கே இட ஒதுக்கீடு கிடையாது.

இப்போது அவனுடைய வீட்டுப் பயணத்தைக் கேளுங்கள். வார ஓய்வு 48 மணி நேரம். ஊழியர் டிக்கெட்டில் சீட் காலியிருந்தால் டெல்லியிலிருந்து சென்னை. அங்கிருந்து கிளாம்பாக்கம், பிறகு பஸ், பிறகு பைக். வாசல் சேரும்போது ஒன்பது பத்து மணி நேரம் போயிருக்கும். திரும்பவும் அதே. மிச்சம் ஒரு பகல், ஒரு இரவு. மகள் முதல் ஐந்து மணி நேரம் அவனிடம் வர மாட்டாளாம். பழகி மடியில் ஏறும்போது பையை எடுக்க வேண்டும்.

அந்த 48 மணி நேரமும் சும்மா வந்ததல்ல. முன்பு அது 36. விமானிகளின் சோர்வு பற்றிப் பல ஆண்டுகள் கத்திய பிறகு 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புதிய விதிகளை அறிவித்தது. வார ஓய்வு 48 மணி நேரம், இரவுப் பணியில் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு. நிறுவனங்கள் எதிர்த்தன, விதி தள்ளிப்போனது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம்வரை போன பிறகுதான் 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானது நினைவிருக்கும். புதிய விதிக்குப் போதுமான ஆளை ஏற்பாடு செய்யாததன் விளைவு அது. ஆனால் தளர்த்தப்பட்டது விதிதான். வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்கில் காட்டக் கூடாது என்ற பிரிவை டிசம்பர் 5 அன்று இயக்குநரகம் திரும்பப் பெற்றது. மகள் பிறந்தநாளுக்கு என்று ஒருவன் விடுப்பு போட்டால் அதுவே அவனுடைய வார ஓய்வாகவும் கழிந்துபோக வழி திறந்தாயிற்று. 2023 ஆகஸ்டில் நாக்பூர் விமான நிலையத்தில் விமானம் ஓட்டப் போகவேண்டிய கேப்டன் ஒருவர் போர்டிங் கேட் அருகில் சரிந்து விழுந்து இறந்தார். விதிப்படி ஓய்வு கொடுத்திருந்தோம் என்றது நிறுவனம். இருக்கலாம். அந்த விதி போதுமா என்பதுதானே கேள்வி.

நம் தோழர்கள் சிலருக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. "மாசம் லட்சக்கணக்குல வாங்குறவனுக்கு என்ன உரிமைப் போராட்டம்?" என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஓய்வு நேரம் கேட்பதும் எட்டு மணி நேர வேலை கேட்பதும் ஒரே வரலாறு. தவிர, பாண்டு என்ற பெயரில் நடப்பதைப் பாருங்கள். ஒரு விமானி வேலையை விட வேண்டுமென்றால், 2017இல் வந்த விதிப்படி துணை விமானி ஆறு மாதம், கேப்டன் ஒரு வருடம் முன்னறிவிப்புத் தர வேண்டும். அதற்கு மேல் பயிற்சி ஒப்பந்தத் தொகை. அம்மாவுக்கு முடியவில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் வேலை தேடிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு வருடம் காத்திருக்க முடியுமா? நிறுவனம் மூடினால் மட்டும் முன்னறிவிப்பு கிடையாது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. கடனோடு இருந்த பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள். மருத்துவச் சான்றிதழ் புதுப்பிக்கும்போது ரத்த அழுத்தமோ காதோ சரியில்லை என்றால் பறக்க முடியாது. கடன் மட்டும் பறக்காமல் அங்கேயே நிற்கும்.

சாதி இதில் எங்கே என்று இன்னும் கேட்பவர்களுக்காக ஒன்று. 2025 ஜூனில் பயிற்சி விமானி ஒருவர், தன்னைப் பார்த்து விமானம் ஓட்ட லாயக்கில்லை, செருப்புத் தைக்கப் போ என்ற பொருளில் உயர் அதிகாரிகள் பேசியதாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பெங்களூரில் புகார் கொடுத்தார். வழக்கு குருகிராமுக்கு மாறியது. நிறுவனம் மறுத்திருக்கிறது, நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நான் சொல்ல வருவது அந்தச் செய்தியைப் படித்த நாளில் தம்பி என்னிடம் சொன்னதை. அவன் வேலையிடத்தில் யாருக்கும் தன் சாதி தெரியாது என்று நம்புகிறான். தெரிந்துவிடுமோ என்று குடும்பப் புகைப்படத்தைக்கூட வாட்ஸ்அப்பில் வைப்பதில்லை. விடுப்பு கேட்கவும் கூச்சம். "மத்தவன் கேட்டா ஃபேமிலி மேன்னு சொல்வாங்க அக்கா. நம்மாளு கேட்டா, கோட்டால வந்தவன், பொறுப்பில்லைன்னு சொல்வாங்க." தனியார் நிறுவனத்தில் கோட்டாவே இல்லை என்பது அப்படிப் பேசுகிறவர்களுக்குத் தேவையில்லாத விவரம்.

அவனிடம் அண்ணலைப் பற்றிப் பேசினேன். 1913இல் பரோடா மன்னர் உதவித்தொகையில் அமெரிக்கா போனபோது அவரும் பாண்டு எழுதிக் கொடுத்தவர்தான், பத்தாண்டு சமஸ்தான சேவை. 1917இல் திரும்பி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. 1920இல் மீண்டும் லண்டன். ரமாபாய் இங்கே வறுமையில் குடும்பத்தை இழுத்தார். ஐந்து பிள்ளைகளில் நான்கு பேரைப் புதைத்தார்கள். நாம் அதைத் தியாகம் என்று மேடையில் சொல்லிக் கைதட்டுகிறோம். எனக்கு அந்தக் கைதட்டலில் இப்போதெல்லாம் ஒரு சங்கடம். ரமாபாயிடம் யாரும் கேட்கவில்லை. நூறு ஆண்டு கழித்தும் நம் பிள்ளைகள் மேலே போக ஒரு ரமாபாய் தேவைப்பட்டால், அது நமக்குப் பெருமையா, அரசுக்கு அவமானமா?

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரும்பாக்கம் குடியிருப்பில் நான் வேலை செய்தபோது பழக்கமான அக்கா. கணவன் மனைவி இருவரும் விமானத்தில் வேலை பார்க்கும் வீடு ஒன்றில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். அவர்களுக்கு விடிகாலை விமானம் என்றால் இவர் முந்தைய இரவே போய்த் தங்க வேண்டும். தன் பிள்ளைகளுக்குச் சோறு வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். "அந்தப் பாப்பாவுக்கு நான் ஊட்டுனாத்தான் இறங்கும்" என்று பெருமையாகத்தான் சொல்வார். அவருடைய பையன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். இரண்டு பேரும் பறந்துகொண்டே குடும்பம் நடத்தும் அந்த வீட்டின் சமநிலை இவருடைய தோளில் நிற்கிறது. இவருக்கு ரோஸ்டர் இல்லை, 48 மணி நேர ஓய்வு இல்லை, விடுப்பைக் கழிக்க விதியும் இல்லை. இந்தியாவில் விமானிகளில் 15 சதவீதம் பேர் பெண்கள், உலக சராசரியைவிடப் பல மடங்கு என்று அரசு பெருமைப்படுகிறது. நானும் மகிழ்கிறேன். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் பிள்ளை பார்த்துக்கொள்ளும் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்ற கணக்கும் எனக்கு வேண்டும்.

தம்பி அப்கிரேடை எடுக்கவில்லை. மனைவியோடு உட்கார்ந்து பேசினானாம். அவள் வேலையை விடுவது என்ற பேச்சையே எடுக்க வேண்டாம் என்று முடிவு. கடன் இன்னும் மூன்று ஆண்டு இழுக்கும். அக்கா, "பரவாயில்லடா, புள்ளைய பாரு" என்று சொன்னாளாம். அவள் இப்படித்தான் எப்போதும் சொல்வாள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எனக்கு அந்த முடிவில் முழு மகிழ்ச்சி இல்லை.

இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நாங்கள் நடத்திய வழிகாட்டி முகாமில் ஒரு பெண், விருப்பம் என்ற இடத்தில் "பைலட்" என்று எழுதியிருந்தாள். அப்பா செங்கல் சூளையில். ஒடிசாவின் மல்கான்கிரியிலிருந்து காவலர் ஒருவரின் மகளாக வந்து 2019இல் விமானியான ஆதிவாசிப் பெண் அனுப்பிரியா லக்ராவின் படத்தை போனில் வைத்திருக்கிறாள். "கல்யாணம் ஆனா எப்படிம்மா பறக்கும்?" என்று அவள் அப்பா என்னிடம் கேட்டார். கல்யாணத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் இயற்பியல், கணிதம் இரண்டிலும் என்ன மதிப்பெண் என்று பார்த்தேன். நன்றாக இருக்கிறது. முதல் மருத்துவப் பரிசோதனைக்கான செலவை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஏற்றிருக்கிறோம். தம்பியின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். வார ஓய்வில் ஊருக்கு வரும் பஸ்ஸில் இருந்தபடி அவளிடம் பேசுகிறான்.