மலிவு மாத்திரைக்கு நீதி கிடையாது

ஒரு பெண்ணின் உடலுக்கு நேர்ந்த கேட்டைச் சட்டம் எதை வைத்து அளக்கிறது? அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகளைப் படித்தபின் எனக்குக் கிடைத்த பதில்: அவள் விழுங்கியது பிராண்ட் மருந்தா, ஜெனரிக் மருந்தா என்பதை வைத்து.

டயானா லெவின், வெர்மான்ட் மாநிலத்து இசைக்கலைஞர். தலைவலியோடு வந்த குமட்டலுக்கு ஃபெனர்கான் ஊசி போட்டார்கள். மருந்து தமனிக்குள் போய்க் கை அழுகியது. முன்கையை வெட்டி எடுத்தார்கள். எச்சரிக்கை போதாது என்று மாநிலச் சட்டப்படி வழக்குப் போட்டார். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஏற்ற குறிப்பை மாநிலம் கேள்வி கேட்கக் கூடாது என்றது வயத் நிறுவனம். 2009இல் லெவின் வென்றார். எச்சரிக்கைக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்றது நீதிமன்றம்.

இரண்டே ஆண்டுகளில் அந்தப் பொறுப்பு காணாமல் போனது. மென்சிங், டெமாஹி என்ற இரு பெண்கள் மெட்டோகுளோப்ரமைடு ஜெனரிக் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கியவர்கள். தசைகள் தம் வசமின்றி இயங்கும் நரம்புக் கோளாறு வந்தது. ஜெனரிக் நிறுவனம் பிராண்ட் மருந்தின் குறிப்பையே அச்சிட வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. மாநிலச் சட்டம் கூடுதல் எச்சரிக்கை கேட்டது. இரண்டுக்கும் ஒருசேரக் கட்டுப்பட முடியாது, ஆகவே மாநிலச் சட்டம் செல்லாது என்று 2011இல் ஐந்து நீதிபதிகள் முடிவு செய்தார்கள், நால்வர் மறுத்தார்கள். பிராண்ட் மாத்திரை என்றால் வழக்கு நின்றிருக்கும். அந்தப் பெண்களுக்கு இது அர்த்தமற்றதாகவே தோன்றும் என்பதைத் தீர்ப்பெழுதிய கிளாரன்ஸ் தாமஸே ஏற்றுக்கொண்டார்.

2013இல் பார்ட்லெட் வழக்கு. தோள்வலிக்குக் கொடுத்த ஜெனரிக் சுலிண்டாக், அவர் உடலின் மேற்பரப்பில் 60 சதவீதத்துக்கு மேல் தோலைச் சிதைத்தது. கண்பார்வை ஏறக்குறையப் போனது. ஜூரி கொடுத்த 2 கோடியே 10 லட்சம் டாலரை உச்ச நீதிமன்றம் பறித்தது.

ஐம்பது மாநிலத்துக்கு ஐம்பது எச்சரிக்கை கூடாது என்பார்கள். நியாயம்போலத் தெரியும். ஆனால் ஒப்புதலுக்கு முந்தைய சோதனையில் தென்படாத கேடு, பின்னால் நம் உடலில்தான் வெளிப்படுகிறது. வழக்கு என்பது அந்த உடலின் சாட்சியம். அதைக் கேட்காத நீதிமன்றம் அறிவியலுக்கும் சேர்த்துத்தான் கதவடைக்கிறது.

ஜெனரிக் நிறுவனங்களும் எச்சரிக்கையைத் தாமே திருத்தலாம் என்ற விதியை எஃப்.டி.ஏ. 2013இல் முன்மொழிந்தது, 2018இல் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் விழுங்கப்படும் மாத்திரைகளில் பெரும்பாலானவை ஜெனரிக். மருந்து ஒன்றுதான், குறிப்பும் ஒன்றுதான் என்கிறீர்கள். பிறகு பொறுப்பு மட்டும் எப்படி இரண்டானது?