தட்டும் அட்டையும் தட்டுக் கடையும்

"தட்டினால் போதும்!" என்கிறார்கள். அட்டையைச் செருக வேண்டாம், இரகசிய எண்ணை அழுத்த வேண்டாம், கையெழுத்து வேண்டாம், சில்லறை தேடிச் சட்டைப் பையைத் துழாவ வேண்டாம். இயந்திரத்தின் அருகே அட்டையைக் காட்டினால் ஒரு 'கீச்' ஒலி, கணக்கு முடிந்தது! குளுகுளு அங்காடிகளிலே இந்த வசதியைக் கண்டு பழகிய கனவான்கள், தெருமுனையிலே இட்லி விற்கும் அம்மையாரிடமும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள், "ஏம்மா, கார்டு மிஷின் இல்லையா?" என்று. இல்லை என்றதும் இதழோரத்திலே ஓர் இளக்காரம். காலம் எங்கேயோ போய்விட்டது, இந்த அம்மாள் இன்னும் கல்லாப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்ற பரிதாபப் பார்வை வேறு!

தோழர்களே! அந்த அம்மையாருக்குக் காலம் தெரியாமல் இல்லை. கணக்கும் தெரியும். உளுந்து என்ன விலை, அரிசி என்ன விலை, எரிவாயு உருளை என்ன விலை, ஒரு தட்டு இட்லிக்கு எத்தனை காசு மிஞ்சும் என்பதைப் பட்டம் பெற்ற பொருளாதாரப் பேராசிரியரைவிட விரைவாகச் சொல்லுவார். கணக்குத் தெரிந்ததால்தான் தயங்குகிறார். அவர் போடும் அந்தக் கணக்கைத்தான் இன்று நாமும் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

விந்தையை முதலில் ஒப்புக்கொள்வோம். விஞ்ஞானத்தின் மீது நமக்கு வெறுப்பு இல்லை. அதை வெறுப்பவர்கள் வேறு வகையினர். அந்த அட்டைக்குள்ளே மின்கலம் கிடையாது. மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றும், நகக்கண் அளவு சில்லு ஒன்றும் இருக்கின்றன. இயந்திரம் அலையை எழுப்புகிறது. அருகே, இரண்டு அங்குலத்துக்குள் வந்தால்தான் அந்த அலையிலிருந்தே அட்டை தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற்று உயிர் பெறுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு புதிய சங்கேதத்தை அனுப்புகிறது. நேற்றைய சங்கேதத்தைத் திருடி வைத்தவனுக்கு இன்று அதனால் பயனில்லை. இரகசிய எண் இல்லாமல் இப்படித் தட்டிச் செலுத்த 2015-இல் ரிசர்வ் பாங்கு அனுமதித்த உச்ச அளவு 2,000 ரூபாய். 2021 ஜனவரி 1 முதல் அது 5,000 ரூபாய். அட்டை தொலைந்தால் ஆபத்தாயிற்றே என்பீர்கள், ஆபத்துதான். ஆனால் இந்த வசதியை வைத்துக்கொள்ளவும், நிறுத்தவும், அளவைக் குறைக்கவும் அட்டைக்காரருக்கு உரிமை தரப்பட்டிருக்கிறது. ஆகவே இயந்திரத்தின் மீது எனக்கு வழக்கு இல்லை. இயந்திரத்தின் பின்னாலே நின்று கை நீட்டுகிறார்களே, அவர்களோடுதான் பேச்சு!

நூறு ரூபாய்க்கு ஒருவர் சாப்பிடுகிறார் என்று வையுங்கள். கடன் அட்டையைத் தட்டுகிறார். கடைக்காரர் கணக்கிலே நூறு ரூபாய் ஏறுமா? ஏறாது. ஒன்றரை ரூபாயோ, இரண்டு ரூபாயோ, சில உயர்ரக அட்டைகளுக்கு அதற்கும் மேலோ கழித்துக்கொண்டு, மீதிதான் வந்து சேரும். எம்.டி.ஆர். என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சந்தையிலே தரகு என்போம். பெயர் நீளமாகிவிட்டால் வாங்கும் காசின் நிறம் மாறிவிடுமா?

"நூற்றுக்கு இரண்டுதானே, பிரமாதமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அந்த இரண்டு ரூபாய், இலாபத்திலே நூற்றுக்கு இரண்டு அன்று. விற்பனையிலே நூற்றுக்கு இரண்டு. நூறு ரூபாய்ச் சாப்பாட்டிலே அரிசிக்காரர் பங்கு போக, எண்ணெய்க்காரர் பங்கு போக, வாடகை போக, பாத்திரம் துலக்கும் பையனின் கூலி போக, கடைக்காரருக்கு நிற்பது பத்து ரூபாய் என்றால், பாங்கு எடுத்துச் செல்வது அந்தப் பத்திலே இரண்டு. ஐந்திலே ஒரு பங்கு! மளிகைக் கடைக்கு வாருங்கள். நூறு ரூபாய்ச் சரக்கிலே நான்கு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு ரூபாய் போய்விட்ட பிறகு மிஞ்சுவது பாதி. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, இரவு பதினொரு மணிக்குக் கதவடைத்து, மூட்டை தூக்கி, முதுகு வளைந்து சம்பாதித்ததிலே பாதி; அதை வாங்கிக்கொள்பவர் ஒரு மூட்டையைத் தொட்டும் பார்த்ததில்லை. நிலத்திலே கால் வைக்காமல் வாரம் வாங்கியவர்களை நாம் அறிவோம். கடையிலே கால் வைக்காமல் வாரம் வாங்குகிறவர்கள் இவர்கள்.

யார் யார் என்று கேளுங்கள். அட்டையைக் கொடுத்த பாங்கு ஒன்று; அதற்குத்தான் பெரும் பங்கு. விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலைக் கம்பெனி ஒன்று. கடைக்கு இயந்திரத்தைக் கொடுத்த பாங்கு ஒன்று. மூவர் அமர்ந்து உண்ண, ஒருவர் பரிமாற வேண்டும். அதற்கு மேல் இயந்திரத்துக்கு மாத வாடகை கேட்பவர்களும் உண்டு. அன்றைக்கு ஒரு வாடிக்கையாளரும் அட்டையை நீட்டாவிட்டாலும் வாடகை வாடகைதான்!

சரி, அந்த இரண்டு ரூபாயை வைத்துக்கொண்டு அட்டை கொடுத்த பாங்கு என்ன செய்கிறது? முழுவதையும் தானே விழுங்கிவிடுகிறது என்று சொன்னால் அது அபாண்டம். ஒரு பகுதியை வாரி வழங்குகிறது! யாருக்கு? அட்டை வைத்திருப்பவருக்கு. செலவழிக்கச் செலவழிக்கப் 'புள்ளிகள்' தருகிறார்கள். புள்ளிகள் சேர்ந்தால் பரிசு. உயர்ரக அட்டை என்றால் விமான நிலையத்திலே தனி ஓய்வறை. மெத்தை நாற்காலி, விதவிதமான உணவு. அந்த விருந்துக்கு உலை வைத்தவர்களில் நம் தெருமுனைக் கடைக்காரரும் ஒருவர். விமானத்தை வானத்திலே மட்டும் பார்த்தவர், விமான நிலையத்து விருந்துக்கு மொய் எழுதுகிறார். எப்பேர்ப்பட்ட சோஷலிசம், பார்த்தீர்களா!

கதை அதோடு முடியவில்லை. அட்டையிலே செலுத்துகிறவரிடம் அந்த இரண்டு ரூபாயைத் தனியாகக் கேட்டு வாங்கக்கூடாது என்பது கடைக்காரருக்கு விதிக்கப்பட்டிருக்கும் நிபந்தனை. கேட்க முடியாதவர் என்ன செய்வார்? எல்லோருக்கும் விலையை ஏற்றுவார். அப்போது, நாள் முழுவதும் சாரத்திலே தொங்கிச் சுவருக்கு வண்ணம் பூசிவிட்டு, மாலையிலே வாங்கிய கூலியிலிருந்து ரொக்கத்தை நீட்டிச் சாப்பிடுகிறாரே தொழிலாளி, அவரும் அந்த உயர்ந்த விலையைத்தான் கொடுக்கிறார். அவரிடம் கடன் அட்டை இல்லை, கொடுக்கவும் மாட்டார்கள். புள்ளி இல்லை, பரிசு இல்லை, ஓய்வறை இல்லை. ஆனால் செலவிலே மட்டும் பங்கு உண்டு. ஏழையிடம் எடுத்து எழிலோருக்குக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை எவரும் சட்டமன்றத்திலே மசோதாவாகக் கொண்டுவரவில்லை. ஓர் இயந்திரத்தின் 'கீச்' ஒலியிலே சத்தமில்லாமல் நிறைவேறிவிட்டது.

"பாங்குக்காரருக்குச் செலவு இல்லையா? ஏறத்தாழ ஒன்றரை மாதம் வட்டியில்லாமல் கடன் தருகிறார்கள், வராத கடனும் உண்டு" என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். வாதத்திலே உண்மை இல்லாமல் இல்லை. செலவு உண்டு, நட்டமும் உண்டு. ஆனால் கடன் வாங்கியவர் யார்? சாப்பிட்டவர். கடன் கொடுத்தவர் யார்? பாங்கு. இருவருக்கும் இடையே உள்ள வட்டியை, இருவருக்கும் சோறு போட்டவர் ஏன் கட்ட வேண்டும்? தவணை தவறினால் அட்டைக்காரரிடம் கடும் வட்டி வாங்கத்தானே வாங்குகிறார்கள்!

"பிடிக்காவிட்டால் இயந்திரத்தை வைக்காதே" என்பார் இன்னொருவர். வைக்காவிட்டால் வாடிக்கையாளர் எதிரே உள்ள பெருங்கடைக்குப் போவார். பெருங்கடை முதலாளி கோடிக்கணக்கிலே விற்பனை காட்டி, பாங்குக்காரரை மேசைக்கு அழைத்து, விகிதத்தைக் குறைத்துக்கொள்ளும் வல்லமை படைத்தவர். ஒற்றைக் கதவுக் கடைக்காரரின் பேரத்தைக் கேட்க எந்த மேசை இருக்கிறது?

இதற்கு வழியே இல்லை என்றால் புலம்பிவிட்டுப் போகலாம். வழி இருக்கிறது; பாதித் தூரம் நடந்தும் இருக்கிறார்கள். அதுதான் வேடிக்கை. டெபிட் அட்டைக்கு ரிசர்வ் பாங்கு உச்ச வரம்பு கட்டியிருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உத்தரவின்படி, ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு வணிகரிடம் நூற்றுக்கு 40 காசுக்கு மேல் வாங்கக்கூடாது. அதற்கு மேற்பட்டவர்களுக்கு 90 காசு. ரூபே டெபிட் அட்டைக்கும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி 1 முதல் தரகே இல்லை. கடன் அட்டையிலும், ரூபே அட்டையை யு.பி.ஐ.யோடு இணைத்துச் சிறு கடையிலே 2,000 ரூபாய் வரை செலுத்தினால் தரகு இல்லை என்று 2022-இல் விதி செய்தார்கள். ஆனால் அதே மனிதர், அதே கடையிலே, அதே நூறு ரூபாய்க்கு, அதே அட்டையை எடுத்து இயந்திரத்திலே தட்டினால் தரகு உண்டு! கைப்பேசி வழியாக வந்தால் கடன் கடனாகத் தெரியவில்லை, அட்டை வழியாக வந்தால் மட்டும் செலவு கண்ணுக்குத் தெரிகிறதா? கடன் அட்டைத் தரகுக்கு ரிசர்வ் பாங்கு இன்றளவும் உச்ச வரம்பு கட்டவில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலே 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அட்டை கொடுத்த பாங்குக்குப் போகும் பங்கு டெபிட் அட்டையிலே நூற்றுக்கு 0.2, கடன் அட்டையிலே 0.3 என்று கட்டிவிட்டார்கள். அங்கே பாங்குகள் கதவடைத்துவிடவில்லை. முதலாளித்துவத்தின் தாய்வீடுகளிலேயே முடிந்த காரியம், இங்கே டில்லியிலே முடியாமற் போவானேன்?

தரகில்லாத யு.பி.ஐ.யும் இலவசமாக வானத்திலிருந்து பெய்யவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. சிறு தொகைப் பரிமாற்றத்துக்காக 2024-25-ஆம் ஆண்டுக்கு 1,500 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் ஊக்கத் தொகையாக ஒதுக்கியது. அதிலும் தரகைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்து, 2025 ஜூனிலே நிதி அமைச்சகம் அதை மறுத்தது. மறுப்பு வந்ததிலே மகிழ்ச்சி. ஆனால் ஊக்கத் தொகை ஆண்டுக்காண்டு அமைச்சரவையின் மனத்தைப் பொறுத்தது என்பதால், கண்ணயர்ந்திருக்க முடியாது.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காசைக் கொடுப்பவர் நொடியிலே கொடுத்துவிடுகிறார். வாங்குபவருக்கு எப்போது வருகிறது? அட்டையிலே தட்டிய பணம், பெரும்பாலும் மறுநாள் வேலை நேரத்திலேதான் கணக்கிலே ஏறும். மறுநாள் விடியலிலே கோயம்பேட்டிலே காய்கறி எடுக்க வேண்டுமே, கத்தரிக்காய்க்காரர் காத்திருப்பாரா? அந்த இடைவெளியிலே நுழைகிறவர்தான் தண்டல்காரர். நேற்று விற்ற பணம் பாங்கிலே உறங்குகிறது. இன்று வாங்கிய கடன் வட்டியோடு விழித்திருக்கிறது. விமான நிலையத்து ஓய்வறைக்கு ஒரு மொய், தண்டல்காரருக்கு ஒரு மொய்!

இதற்கிடையே கணக்குப் பதிவு என்ற ஒன்று வந்து, பயத்தையும் கூட்டியிருக்கிறது. 2025 ஜூலையிலே பெங்களூரிலே நடந்தது நினைவிருக்கும். யு.பி.ஐ. வழியே வந்த தொகைகளைக் கூட்டிப் பார்த்துச் சிறு கடைக்காரர்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வரி அறிவிப்புகள் பறந்தன. பேக்கரிக்காரர், தேநீர்க் கடைக்காரர், காய்கறி விற்பவர் எல்லாம் திகைத்தனர். "யு.பி.ஐ. கிடையாது, ரொக்கம் மட்டும்" என்று அட்டையிலே எழுதித் தொங்கவிட்டார்கள். கடையடைப்பு என்றார்கள். பிறகு முதலமைச்சர் சித்தராமையா அழைத்துப் பேசி, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று அறிவித்தார். அங்கேயும் அடிப்படைத் தவறு அதுவேதான்: புரண்ட பணத்தைப் பார்த்து, மிஞ்சிய பணம் என்று எண்ணிக்கொள்வது. காய்கறிக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது என்றிருக்க, காய்கறிக்காரரின் கணக்கிலே புரண்டது எவ்வளவு என்று பார்த்து என்ன பயன்? வரி கட்ட வேண்டியவர் கட்டத்தான் வேண்டும். நான் ஏய்ப்பவருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் "பதிவு இருந்தால் பாங்குக் கடன் கிடைக்கும்" என்று சொல்லி அழைத்துவந்தவர்கள், வந்த பிறகு அந்தப் பதிவையே அறிவிப்பாக நீட்டினால், அடுத்த முறை அழைக்கும்போது யார் வருவார்கள்?

இன்னொன்று, சிறியது. இயந்திரம் துப்பும் சீட்டிலே எத்தனை கடையில் தமிழைக் காண்கிறோம்? வந்த பணத்தைத் தமிழிலே உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டிகள் கடைகளிலே வந்துவிட்டன. பேசத் தெரிந்த தமிழ், அச்சிலே மட்டும் ஏறாதா? எவ்வளவு வந்தது, எவ்வளவு கழிந்தது என்பது கடைக்காரருக்குத் தம் மொழியிலே தெரியக் கூடாது என்பதிலே யாருக்கேனும் அக்கறை இருக்கிறதோ என்னவோ!

இயந்திரம் வைத்திருக்கும் தோழர்கள் இன்று இரவு கடையைக் கட்டியதும் பாங்கு அனுப்பிய மாதக் கணக்கை எடுத்துப் பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை அருகே வைத்துக்கொள்ளுங்கள். டெபிட் அட்டைக்கு எவ்வளவு, கடன் அட்டைக்கு எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று தனித் தனியே குறியுங்கள். விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தும் டெபிட் அட்டைக்கு 40 காசுக்கு மேல் பிடித்திருந்தால், பாங்குக்கு எழுத்திலே புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். முப்பது நாளிலே பதில் இல்லையென்றால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்; கட்டணம் கிடையாது. வணிகர் சங்கங்களிலே இருப்போர் இந்தக் குறிப்புகளைத் தெருத் தெருவாகத் திரட்டினால், கடன் அட்டைக்கும் 2,000 ரூபாய் வரை தரகு கூடாது என்ற கோரிக்கையோடு அவற்றையும் கட்டி டில்லிக்கு அனுப்பலாம்.