நூறு நாள் வேலையை வெட்டினால் நம்ம காட்டுக்கு ஆள் வந்துவிடுமா?



2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வேறொரு சட்டத்தை மத்திய அரசு நிறைவேற்றியது. மகாத்மா காந்தி பேரை எடுத்துவிட்டார்கள். நூறு நாளை 125 நாள் ஆக்கியிருக்கிறோம் என்கிறார்கள். விதைப்பு, அறுப்புக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் அதில் வழி செய்திருக்கிறார்கள். "நல்லதாப் போச்சு, இனி காட்டு வேலைக்கு ஆள் கிடைக்கும்" என்று நம் சங்கத்துக்காரர்களே டீக்கடையில் பேசுகிறார்கள். அவர்களோடு பேசத்தான் இந்த நோட்டீஸ்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். பழைய சட்டத்தில் வேலை கேட்பது நம் உரிமை. கேட்ட 15 நாளுக்குள் வேலை தர வேண்டும், இல்லாவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். எத்தனை பேர் கேட்டாலும் கூலிப் பணம் முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. புதிய சட்டத்தில் இந்த மாநிலத்துக்கு இவ்வளவுதான் என்று டெல்லியே அளந்து வைக்கும். அதிலும் நூற்றுக்கு 40 ரூபாயை மாநிலம் போட வேண்டும். அளவுக்கு மேல் போனால் அத்தனையும் மாநிலத்தின் தலையில். கஜானா காலி என்று மாநிலம் கையை விரித்தால் 125 நாள் காகிதத்தில்தான் இருக்கும். நூறு நாள் என்று சொன்ன காலத்திலேயே நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 50 நாள் அளவில்தான் வேலை கிடைத்தது.

இந்த வெட்டு ஒரே நாளில் வந்ததில்லைங்க. 2022-23-ல் முதலில் 73,000 கோடி ஒதுக்கி, போதாமல் 89,400 கோடியாகத் திருத்தினார்கள். அப்படியிருந்தும் அடுத்த வருஷ பட்ஜெட்டில் 60,000 கோடி என்று குறைத்தார்கள். பிறகு கூட்டினாலும் பணம் தாமதமாகத்தானே வரும்? 2023 ஜனவரி முதல் செல்போனில் இரண்டு வேளை போட்டோ எடுத்தால்தான் வருகை என்றார்கள். மலையடிவாரத்தில் டவர் கிடைக்காவிட்டால் வெட்டின மண்ணுக்குக் கணக்கில்லை. 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்றார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் கூலியே நின்றது. பாக்கி 1,056 கோடியை விடுவிக்கச் சொல்லி 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பொங்கலுக்குக் கூலி வராத வீடு எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேற்கு வங்கத்தில் நடந்தது இதைவிட மோசம். முறைகேடு என்று சொல்லி 2022 மார்ச்சிலிருந்து அந்த மாநிலத்துக்கே பணத்தை நிறுத்தினார்கள். தப்புச் செய்தவன் யாரோ, மூன்று வருஷம் பட்டினி கிடந்தது கூலிக்காரன்.

இப்போது நம்ம காட்டுக்கு வருவோம். ஆள் பஞ்சம் இருப்பது உண்மை, நானும் அனுபவிக்கிறேன். ஆனால் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் யார்? தமிழ்நாட்டில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். நம்ம பக்கத்தில் பாருங்கள், பெரும்பாலும் ஐம்பது, அறுபது தாண்டிய அம்மாக்கள், பாட்டிகள். குச்சிக்கிழங்கு பிடுங்கி வண்டியில் ஏற்றும் வயசுப் பையன்கள் அங்கே இல்லை. அவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் போர் வண்டியிலும் லாரியிலும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டிக்கு 60 நாள் வேலையை நிறுத்தினால் அந்தப் பையன் ஊர் திரும்புவானா? அறுப்பு நாளில் நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் மிஷின் வந்துவிட்டது. பாட்டிக்கு அந்த வேலையும் இல்லை, இந்த வேலையும் இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். வேலை அட்டை கூலிக்காரர் வீட்டில் மட்டுமா இருக்கிறது? ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் மானாவாரி வைத்திருக்கிற நம் வீட்டிலும் இருக்கிறது. மழை இல்லாத மாசத்தில் மாட்டுத் தீவனத்துக்கும் பிள்ளை பீஸுக்கும் அந்தக் காசுதான். நாமும் பிறத்தியார் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவர்கள்தான். அரசு வேலை இருந்தால் "இதுக்குக் குறைஞ்சு வரமாட்டோம்" என்று சொல்ல ஒரு பிடி இருக்கும். அது போனால் கூலி இறங்கும். லாபம் பெரிய பண்ணைக்கு. நஷ்டம் நம் வீட்டுப் பெண்களுக்கு.

நமக்குக் கட்டுபடியாகாதது கூலியாலா, விலையாலா? கிழங்குக்கு மில்காரர் பாயிண்ட் பார்த்துப் போடுகிற விலையை நாம் தீர்மானிப்பதில்லை. உர மூட்டை விலையையும் தீர்மானிப்பதில்லை. பெரியவர்களிடம் கேட்க முடியாத கணக்கைக் களை எடுக்கும் அம்மாவிடம் தீர்ப்பது நியாயமா?

"மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்" என்று ஒரு குறை சொல்கிறோம். பல இடத்தில் அப்படி நடந்ததும் உண்மை. ஆனால் பழைய சட்டத்திலேயே ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு விவசாயி நிலத்தில் வரப்புப் போடவும் பண்ணைக்குட்டை வெட்டவும் கிணறு தோண்டவும் இடம் இருந்தது. எத்தனை ஊராட்சியில் கேட்டு வாங்கினோம்? சரியான வேலையைக் கேட்பதுதான் வழி, வேலையையே ஒழிப்பது வழியல்ல.

பணம் இல்லை என்பார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கு வருமான வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தபோது, வருஷத்துக்கு 1,45,000 கோடி வருவாய் போகும் என்று அரசே சொன்னது. கொரோனா வருஷத்தில் ஊர் திரும்பின ஜனங்களுக்கெல்லாம் வேலை கொடுத்து இந்தத் திட்டத்துக்கு ஆன செலவு அதைவிடக் குறைவு. கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தால் ஊக்கம், ஏழைக்குக் கொடுத்தால் சுமையா?

தம்மம்பட்டி பேரூராட்சி என்பதால் இங்கே இந்தத் திட்டம் இல்லை. சுற்றியுள்ள ஊராட்சிக்காரர்கள்தான் முன்னே நிற்க வேண்டும். ஊர்க்காரர்கள் நாங்கள் பின்னே வருகிறோம். நாம் கேட்பது இவ்வளவுதான்:

வேலை கேட்பவருக்கு வேலை என்ற உரிமையைத் திரும்பக் கொடு!
கூலிச் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்கட்டும்!
60 நாள் நிறுத்தத்தைக் கைவிடு!
15 நாளில் கூலி கொடு!
சிறு விவசாயி நிலத்து வேலைகளைத் திட்டத்தில் முதலில் எடு!

வருகிற கிராம சபைக்கு நாலு பேராகப் போகாதீர்கள், தெருவோடு போங்கள். இந்த ஐந்தையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். மினிட் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வேலை கேட்டு மனுக் கொடுத்தால் தேதி போட்ட ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

காட்டுக்காரனையும் கூலிக்காரனையும் மோதவிட்டால் வெட்டுகிறவனுக்கு வேலை சுலபம். அந்த வேலையை நாம் செய்து கொடுக்க வேண்டாம்.

ஒன்றுபடுவோம்! உரிமையை மீட்போம்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம், தம்மம்பட்டி